அபாண்டமாகப் பழி விழுந்தால் பேசுவதா, பேசாமல் இருப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெபக் கூட்டத்துக்கு நடுவில் இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது, "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்த்தான் கேட்பார்கள். நான் போதகன் இல்லை, எங்கள் சபையில் கணக்கு எழுதுகிறவன். ஆனால் என் மேலும் ஒருமுறை பழி விழுந்தது, அது ஊருக்கே தெரியும், அதனால் என்னிடம் வருகிறார்கள். இத்தனை வருஷத்தில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒத்துக்கொள்ள முடியாத இடத்தை விட்டுவிடுங்கள்.

இயேசுவே வாய் திறக்கவில்லையே. அப்படியானால் பேசாமல் இருப்பதுதானே விசுவாசம்?

வாய் திறக்கவில்லை என்பது பாதிதான் சரி. நான்கு சுவிசேஷங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஒரு ராத்திரியையும் மறுநாள் காலையையும் மட்டும் மெதுவாக வாசித்துப் பாருங்கள். காய்பாவின் வீட்டில் பொய்ச்சாட்சிகள் வரிசையாக வருகிறார்கள், அவர் பேசவில்லை. பிலாத்துவின் முன்னால் பிரதான ஆசாரியர்கள் குற்றம் சாட்டும்போது ஒரு வார்த்தைகூடப் பதில் இல்லை, தேசாதிபதியே ஆச்சரியப்படுகிறான். ஏரோது அநேக காரியங்களைக் கேட்கிறான், அதற்கும் பதில் கிடையாது. இந்த இடங்களைத்தான் நாம் பிரசங்கத்தில் கேட்டுப் பழகியிருக்கிறோம், ஏசாயா 53-இல் மயிர் கத்தரிக்கிறவனுக்கு முன்பாகச் சத்தமிடாத ஆட்டைப் பற்றிய வசனமும் கூடவே வந்துவிடும்.

ஆனால் அதே ராத்திரியில் ஒரு சேவகன் கன்னத்தில் அறைந்தபோது அவர் பேசாமல் வாங்கிக்கொள்ளவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). ஆதாரம் காட்டு என்கிறார், அவ்வளவுதான். நீ கிறிஸ்துவா என்று பிரதான ஆசாரியன் ஆணையிட்டுக் கேட்டதற்கும் பதில் வந்தது, அந்தப் பதில்தான் அவரைச் சிலுவைக்குக் கொண்டுபோனது. பிலாத்துவிடம் தம் ராஜ்யத்தைப் பற்றியும் விளக்கினார்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? நான் புரிந்துகொண்ட விதம் இது. பொய்ச்சாட்சிகளுடைய வார்த்தைகள் ஒன்றுக்கொன்று ஒவ்வவில்லை என்று மாற்கு எழுதுகிறார். தானாகவே அவிழ்ந்து விழுகிற பொய்யை எதற்கு இழுத்துப் பிடிக்க வேண்டும்? ஏரோதுக்கு உண்மை தேவைப்படவில்லை, ஏதாவது அற்புதம் வேடிக்கை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவனுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஆனால் சத்தியத்தைப் பற்றிக் கேள்வி வந்த இடத்தில் உயிர் போகும் என்று தெரிந்தே பேசினார். தம்மைக் காப்பாற்றிக்கொள்வதற்காக மட்டும் அவர் பேசவே இல்லை.

பேதுரு இதை ஒரே வரியில் எழுதுகிறார்: "நியாயமாய்த் தீர்ப்புச்செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார்." அந்த "ஒப்புவித்தார்" என்ற சொல்லை விட்டுவிட்டு நாம் வாயை மட்டும் மூடுகிறோம். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பது வேறு, வழக்குக் கட்டை நீதிபதியின் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து காற்று வாங்குவது வேறு. கட்டை அங்கே வைத்தவன் தேவைப்பட்டால் ஒரு வார்த்தை பேசுவான், இல்லையென்றால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவான்.

"கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்" என்று வசனமே இருக்கிறதே?

இருக்கிறது, யாத்திராகமம் 14:14. காலண்டரில், பைக் முன்னால், வீட்டு வாசலில் என்று எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கிறோம். அடுத்த வசனத்தை யாரும் ஒட்டுவதில்லை. "நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப் போங்கள் என்று இஸ்ரவேல் புத்திரருக்குச் சொல்லு" என்கிறார் கர்த்தர். சும்மாயிரு என்று மோசே சொல்லி முடிப்பதற்குள் நடக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது! பயந்து கூச்சல் போடுவதை நிறுத்து என்பதுதான் அந்த "சும்மா"வின் பொருள், காலை மடக்கி உட்கார் என்பது இல்லை.

பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடாதா? மௌனம் சம்மதம் என்றுதானே ஊரில் சொல்வார்கள்?

ஆகும், சில இடங்களில் நிச்சயமாக ஆகும். அதனால்தான் வேதத்தில் நல்லவர்கள் பலர் ஒரு தடவையாவது மறுத்திருக்கிறார்கள். அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபம்பண்ணுகிறாள், ஏலி அவளைக் குடிகாரி என்று நினைத்து அதட்டுகிறான். குழந்தை இல்லாத வேதனை, சக்களத்தியின் குத்தல், இத்தனைக்கும் மேல் ஆசாரியனே இப்படிச் சொல்கிறான். அவள் சண்டை போடவும் இல்லை, தலையைக் குனிந்துகொண்டு போய்விடவும் இல்லை. அப்படியல்ல ஆண்டவனே, நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ, குடிக்கவில்லை என்று மரியாதையாக இரண்டு வாக்கியம் சொன்னாள். ஏலி அப்படியே மாறிவிட்டான், சமாதானத்தோடே போ என்று ஆசீர்வதித்தான். அன்றைக்கு அவள் பேசாமல் போயிருந்தால் ஏலி கடைசி வரை அவளைக் குடிகாரி என்றே நினைத்திருப்பான்.

எருசலேமின் இடிந்த சுவரைத் திரும்பக் கட்டின நெகேமியா விஷயம் இன்னும் நம் காலத்துக்குப் பக்கம். அவர் ராஜாவாகப் பார்க்கிறார், கலகம் பண்ணப்போகிறார் என்று சன்பல்லாத்து ஒரு கடிதம் அனுப்புகிறான். அது முத்திரை போடாத கடிதம், அதாவது கொண்டுபோகிற ஆள் முதல் வழியில் பார்க்கிறவன் வரை எல்லாரும் வாசிக்கட்டும் என்றே திறந்து விட்ட கடிதம். இன்றைய ஃபார்வர்டு மெசேஜ்தான் அது, வேறென்ன? நெகேமியா ஒரே ஒரு பதில் அனுப்பினார்: அப்படி ஒன்றும் நடக்கவில்லை, நீயே கற்பனை பண்ணிக்கொண்டது. அதற்குப் பிறகு என் கைகளைத் திடப்படுத்தும் என்று ஜெபம் பண்ணிவிட்டுச் சுவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். 52 நாளில் அலங்கம் கட்டி முடிந்தது. கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் ஒரு வாசல்கூட நிமிர்ந்திருக்காது.

சரி, எவ்வளவு பேசலாம்? எங்கே நிறுத்துவது?

என் கதையைச் சொன்னால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

சபையில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலம் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாழைத்தார், பூசணிக்காய், சேவல், முட்டை, கூடையில் கத்தரிக்காய் என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து வைப்பார்கள், ஒருவர் மேடையில் நின்று கூவுவார். ஒரு எலுமிச்சம்பழம் 500 ரூபாய்க்குப் போகும், எடுத்தவர் அதையே திரும்பக் கொடுப்பார், மறுபடியும் ஏலம். சந்தோஷத்தில் கையை உயர்த்திவிட்டுப் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லிப் போகிறவர்கள் பாதிப் பேர். காசு பிறகுதான் வரும், சம்பளம் வந்த பிறகு, நெல் விற்ற பிறகு, சில பேருக்கு மகன் பணம் அனுப்பிய பிறகு. அந்த வருஷம் மேடையில் கூவின மொத்தத் தொகைக்கும் பெட்டியில் இருந்த பணத்துக்கும் 18,400 ரூபாய் வித்தியாசம். அத்தனையும் வரவேண்டிய பாக்கி. சபையில் ஒரு பெரியவர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்திருக்கே, எங்கே இருந்து வந்திச்சாம்?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், அந்த வாரமே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஃப்ரிட்ஜ் தவணையில் எடுத்தது, அது கடைக்காரனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. என் நோட்டில் பெயர்கள் இருந்தன, யார் எதை எடுத்தார்கள், எவ்வளவு பாக்கி என்று பேனாவில் எழுதியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று அதை வாசித்தால் ஐந்து நிமிஷத்தில் என் பெயர் சுத்தமாகிவிடும். வாசிக்கத்தான் போனேன், நோட்டைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு போனேன். பாட்டுப் பாடும்போது முன் பெஞ்சில் ஒரு அம்மா இருந்தார், கணவர் இறந்து தையல் தைத்துப் பிழைக்கிறவர், ஒரு சேவலை 700 ரூபாய்க்கு எடுத்திருந்தார், 200 கொடுத்திருந்தார். அவர் பெயர் பட்டியலில் மூன்றாவது. நான் வாசிக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் நோட்டையும் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையையும் ஐயரிடம், அதாவது எங்கள் போதகரிடம், கொடுத்தேன், கமிட்டியில் இரண்டு பேரை உட்கார வைத்துச் சரிபார்க்கச் சொன்னேன். அவர்கள் பார்த்தார்கள், கணக்கு சரி என்று கையெழுத்துப் போட்டார்கள். சபையில் "கணக்கு தணிக்கை ஆயிற்று, குறை இல்லை" என்று மட்டும் அறிவித்தார்கள். பெயர்கள் வெளியே வரவில்லை. அதனாலேயே பேச்சும் உடனே அடங்கவில்லை, "ஏன் பட்டியலைக் காட்டவில்லை?" என்று புதிதாக ஒன்று கிளம்பியது. கடைசிப் பாக்கி வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று, அந்த ஏழு மாதமும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதனால் நான் பிடித்துக்கொண்டது இது: தெரிய வேண்டியவர்களிடம், ஆதாரத்தோடு, ஒருமுறை முழுசாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் பேசினால் யாருக்காகப் பேசுகிறோம் என்று நம்மையே கேட்டுப் பார்க்க வேண்டும். என் பெயரைக் காப்பாற்ற இன்னொருவர் மானத்தைச் செலவு பண்ண வேண்டியிருந்தால் அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம்.

வாட்ஸ்அப் குரூப்பில் எல்லார் முன்னாலும் எழுதுகிறார்கள். பதில் போடலாமா?

ஒரே ஒரு தடவை போடுங்கள், சுருக்கமாக, திட்டாமல். அதுவும் ராத்திரி பத்து மணிக்கு மேல் வேண்டாம். பிறகு குரூப்பை மியூட் பண்ணிவிடுங்கள். வெளியேறினால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே" என்று நீதிமொழிகள் 26:4 சொல்கிறது, கொடு என்று அடுத்த வசனமே சொல்கிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தவருக்கு இந்த மாதிரி குரூப்புகளைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கும் போல. அவர்கள் எழுதியதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் தேவைப்பட்டால் இருக்கட்டும்.

அலுவலகத்தில் சார்ஜ் மெமோ கொடுத்துவிட்டார்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று பதில் கொடுக்காமல் விட்டுவிட்டேன். சரிதானே?

சரி இல்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் குரலை உயர்த்திப் பதில் சொல்வேன். மெமோவில் பதில் கொடுக்க நாள் குறித்திருப்பார்கள், அந்த நாளுக்குள் எழுத்தில் விளக்கம் போக வேண்டும். போகாவிட்டால் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டு எக்ஸ்பார்ட்டியாக, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே, விசாரணையை முடித்துவிடுவார்கள். தமிழ்நாடு அரசு ஊழியர் என்றால், அதுவும் கடும் தண்டனைக்கான 17பி விதியின் கீழ் என்றால், வேலையே போகக்கூடிய விஷயம். உங்கள் சம்பளத்தை நம்பி வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள், அந்த மௌனத்துக்கு அவர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

பவுலைப் பாருங்கள். பிலிப்பியில் விசாரிக்காமல் எல்லார் முன்னாலும் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, காலையில் ரகசியமாகப் போய்விடு என்றார்கள். ரோமரான எங்களை விசாரியாமல் அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புவீர்களோ, அவர்களே வந்து எங்களை வெளியே கொண்டுபோகட்டும் என்று சொல்லிவிட்டார். எருசலேமில் சவுக்கால் அடிக்கக் கட்டும்போதும் தன் ரோமக் குடியுரிமையைச் சொன்னார். பெஸ்து முன்னால் "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்றார், நம் பாஷையில் மேல்முறையீடு. சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்தியதால் பவுலின் விசுவாசம் குறைந்துவிட்டதாக எங்கேயும் எழுதவில்லை.

போலீஸ் விசாரணை என்றால் அதில் வேறு மாதிரி மௌனம் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 20(3) பிரிவு சொல்கிறது. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்பதை வக்கீலைக் கேட்டு முடிவு பண்ணுங்கள். ஜெபமும் பண்ணுங்கள், வக்கீலையும் பாருங்கள்.

அப்படியானால் மானநஷ்ட வழக்குப் போடலாமா? விசுவாசிகள் கோர்ட்டுக்குப் போகக் கூடாது என்கிறார்களே?

1 கொரிந்தியர் 6-ஐச் சொல்கிறார்கள். "நீங்கள் ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை?" என்று பவுல் கேட்கிற இடம். அது சபைக்குள் சகோதரனுக்குச் சகோதரன் வழக்காடுவதைப் பற்றியது, அதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனசில்லை. முதலில் மத்தேயு 18: தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போ, பிறகு சபைக்குத் தெரியப்படுத்து. நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் இந்த முதல் படியைத் தாண்டிக் குதித்து நேராக மூன்றாவதுக்கு வந்துவிடுகிறோம், சில பேர் நேராகக் கோர்ட்டுக்கு.

சட்டப்படி வழி இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆவது பிரிவு அவதூறைக் குற்றமாக வைத்திருக்கிறது, இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. போலீஸில் எஃப்ஐஆர் போட முடியாது, நீங்களே மாஜிஸ்திரேட் முன்னால் புகார் கொடுக்க வேண்டும், அதுவும் மூன்று வருஷத்துக்குள். ஆனால் போட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள், வாய்தா வாய்தாவாக அந்தப் பழியை நீங்களே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் பிழைப்பையோ பிள்ளைகளையோ அந்தப் பொய் பாதித்தால் யோசியுங்கள். ரோஷத்துக்காக என்றால் வேண்டாம் என்பேன்.

பழி சொன்னவனை நினைத்தாலே நெஞ்சு எரிகிறது. ஜெபத்தில் உட்கார்ந்தால் சாபம்தான் வருகிறது. என்ன செய்வது?

அதையே ஜெபமாகச் சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சங்கீதம் 109-ஐ வாசித்துப் பாருங்கள், கள்ளநாவினால் என்னோடே பேசுகிறார்கள் என்று ஆரம்பிக்கிற தாவீது எதிராளியின் பிள்ளைகள் வரை சபித்துக்கொண்டே போகிறார். ஆராதனையில் இதை யாரும் வாசிக்கக் கொடுப்பதில்லை, ஆனாலும் பைபிளில் இருக்கிறது. அந்தக் கொதிப்பு போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டால் தெருவில் கொட்டாது. தாவீது அதைத் தேவனிடம் சொன்னார், அதை டீக்கடையில் சொன்னவர்கள்தான் நாம்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் நாலு வீட்டில் அந்த ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டு வராதீர்கள். "அவருக்காக பாரத்தோடே ஜெபியுங்கள்" என்று ஆரம்பிக்கும் கோள் எனக்குத் தெரிந்து ஏராளம்.

உண்மையிலேயே ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்து, பிறகு உண்மை வெளியே வந்தவர்கள் உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்தவர் எகிப்தின் மக்காரியு, நான்காம் நூற்றாண்டுத் துறவி. இளவயதில் ஒரு கிராமத்துக்குப் பக்கத்தில் குடிசை போட்டுத் தனியாக இருந்தார். அந்த ஊரில் ஒரு பெண் கர்ப்பமானாள், யார் என்று கேட்டதற்கு அந்தத் துறவி என்று கையைக் காட்டிவிட்டாள். ஊரார் வந்து அவரைப் பிடித்து, கரிப் பானைகளைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, தெருத் தெருவாக இழுத்து அடித்தார்கள். பெண்ணைப் பராமரிக்க ஜாமீன் கொடுத்தால்தான் விடுவோம் என்று அவள் பெற்றோர் சொன்னார்கள், ஒருவர் ஜாமீன் நின்றார். மக்காரியு குடிசைக்குப் போய் இருந்த கூடைகளை எல்லாம் எடுத்துக் கொடுத்து, இதை விற்று என் மனைவிக்குச் சாப்பாடு கொடு என்றார். பிறகு தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாராம்: மக்காரியு, உனக்கு ஒரு மனைவி வந்துவிட்டாள், இனிக் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். ராத்திரி பகலாகக் கூடை பின்னி அனுப்பினார். பிரசவ நேரம் வந்தது, நாள் கணக்கில் வலி, குழந்தை பிறக்கவில்லை, அப்போதுதான் அவள் உண்மையைச் சொன்னாள். ஊரே மன்னிப்புக் கேட்கக் கிளம்பி வருகிறது என்று கேள்விப்பட்டதும் மக்காரியு எழுந்து பாலைவனத்துக்கு ஓடிவிட்டார். பழியைத் தாங்கினவருக்குப் புகழைத் தாங்க முடியவில்லை! இந்தக் கதையில் அவர் பேசாததைவிட அந்தக் கூடைகள்தான் என்னை ஆச்சரியப்படுத்துகின்றன. பொய் சொன்னவளுக்கும் பசிக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

இன்னொருவர் இத்தாலியின் புனித ஜெரார்டு மஜெல்லா, 1726-இல் பிறந்தவர், இரட்சகர் சபைத் துறவி. 1754-இல் நேரியா என்ற பெண், அவர் உதவியால் கன்னியர் மடத்தில் சேர்ந்து சில வாரத்தில் வெளியே வந்தவள், அவருக்கும் இன்னொரு குடும்பத்துப் பெண்ணுக்கும் தகாத உறவு என்று கதை கட்டினாள். சபையை நிறுவிய புனித அல்போன்ஸ் லிகோரி கூப்பிட்டு விசாரித்தார், ஜெரார்டு ஒன்றும் சொல்லவில்லை. நற்கருணை வாங்கக் கூடாது என்று தடை விழுந்தது, அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை இருந்திருக்காது. சில மாதம் கழித்து நேரியா நோயில் விழுந்து, சொன்னதெல்லாம் பொய் என்று எழுதி அனுப்பினாள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அல்போன்ஸ் கேட்டபோது, மேலவர் கண்டித்தால் சாக்குச் சொல்லக் கூடாது என்று நம் சபை ஒழுங்கில் இருக்கிறதே என்றாராம். அடுத்த வருஷம், 29 வயதில், காசநோயில் இறந்துபோனார். 1904-இல் புனிதர் பட்டம் கிடைத்தது.

கத்தோலிக்க நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, இந்த இரண்டாவது கதை எனக்கு முழுசாகச் செரிக்கவில்லை. அந்தப் பழியில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். அவர் பேசாமல் இருந்த மாதங்களில் அவள் பெயர் என்ன ஆகியிருக்கும் என்று கதை சொல்கிறவர்கள் கேட்பதில்லை. அவர் கீழ்ப்படிதல் வாக்குக் கொடுத்த துறவி, நானும் நீங்களும் அப்படி இல்லை.

சபைத் தலைவர் ஒருவர் தவறு செய்தார். பாதிக்கப்பட்டவரைப் பார்த்து "இயேசுவைப் போல மௌனமாயிரு" என்கிறார்கள். இது சரியா?

சரியில்லை. இயேசு தம்மேல் விழுந்த பொய்க் குற்றச்சாட்டுக்கு முன்னால் மௌனமாக இருந்தார், இன்னொருவருக்கு நடந்த அநியாயத்தை மூடி வைக்க அல்ல. பாதிக்கப்பட்டவர் குற்றம் சாட்டப்பட்டவர் கிடையாது, அந்த வசனம் அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. "ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற" என்று நீதிமொழிகள் 31:8 இருக்கிறது, அதை வாசியுங்கள். சிறுபிள்ளை சம்பந்தப்பட்டது என்றால் கமிட்டியைக் கூட்டிக்கொண்டிருக்காதீர்கள், போலீஸுக்குத் தெரியப்படுத்துங்கள். போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

அதேபோல் ஒரு தலைவர் மேல் குற்றச்சாட்டு வந்தால், அது பொய் என்று அவர் நினைத்தாலும், "நான் பதில் சொல்லமாட்டேன், கர்த்தர் அறிவார்" என்று தப்பிக்க முடியாது. சபைப் பணத்தைக் கையில் வைத்திருக்கிறவன் கணக்குக் காட்டத்தான் வேண்டும். நான் காட்டினேன்.

சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தால்?

அந்தக் கொஞ்சத்தை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். சீமேயி தாவீது ராஜாவின்மேல் கல்லெறிந்து தூஷித்தபோது, சவுல் வீட்டாரின் இரத்தப்பழி உன்மேல் என்றான், அது பொய். ஆனால் தாவீதின் கையில் இரத்தமே இல்லையா? தாவீது திட்டம் போட்டுச் சாகடித்த உரியா இருக்கிறானே. தாவீதின் ஆள் அபிசாய், சீமேயியின் தலையை வாங்குகிறேன் என்றபோது தாவீது தடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு. என் விஷயத்தில் பாக்கிப் பட்டியலை அந்த வாரமே ஐயரிடம் கொடுக்காதது என் சோம்பல். அதை கமிட்டியில் சொன்னேன்.

என் நண்பர் மேல் வீண்பழி. நான் தலையிடலாமா, அவரே பேசாமல் இருக்கும்போது?

உங்களுக்கு உண்மை தெரியும் என்றால் நீங்கள் பேசத்தான் வேண்டும். சாட்சியாயிருந்தும் தெரிவிக்காதவன் அக்கிரமத்தைச் சுமப்பான் என்று லேவியராகமம் 5:1 சொல்கிறது. கத்தோலிக்கப் பைபிளில் தானியேல் 13-இல் சூசன்னாவின் கதை இருக்கிறது. இரண்டு முதியவர்கள் பொய்ச்சாட்சி சொல்லி மரணத் தீர்ப்பும் ஆகிவிட்டது, அவள் கடவுளை நோக்கிக் கதறினாள். காப்பாற்றியது கூட்டத்தில் இருந்து எழுந்த தானியேல் என்ற வாலிபனின் குரல். இருவரையும் தனித்தனியாக நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தாய் என்று ஒரே கேள்வி கேட்டான், ஆளுக்கொரு மரம் சொன்னார்கள். அவள் கதறியது மட்டும் போதவில்லை, தானியேலும் பேச வேண்டியிருந்தது.

எத்தனை நாள் காத்திருப்பது? கடைசி வரை உண்மை வெளியே வராவிட்டால்?

யோசேப்பை 17 வயதில் விற்றார்கள், பார்வோன் முன்னால் நிற்கும்போது வயது 30. இடையில் போத்திபாரின் மனைவி சொன்ன பொய்க்காகச் சிறை. பானபாத்திரக்காரனிடம் நான் ஒரு குற்றமும் செய்யவில்லை, பார்வோனிடம் சொல்லு என்று கேட்டுக்கொண்டார், அவன் மறந்துவிட்டான், அதற்குப் பிறகும் இரண்டு வருஷம். கவனித்துப் பாருங்கள், போத்திபாரின் மனைவி சொன்னது பொய் என்று யாராவது வந்து யோசேப்பிடம் ஒப்புக்கொண்டதாக ஆதியாகமத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர் அதிபதியானார், ஆனால் அந்தப் பழி துடைக்கப்பட்டதா என்று வேதம் சொல்லவில்லை. பிரான்ஸின் வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கை மதவிரோதி என்று 1431-இல் எரித்தார்கள், தீர்ப்புத் தவறு என்று சபை சொன்னது 1456-இல். அவள் அம்மா அதைக் கேட்க உயிரோடு இருந்தார், அவள் இல்லை.

சில வழக்குகள் இந்தப் பக்கத்தில் முடியாது. எனக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆமென் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை.

பழி சொன்னவர் வந்து மன்னிப்புக் கேட்காவிட்டால் எப்படிப் பழகுவது?

என்னைப் பற்றிப் பேசின பெரியவர் இன்றுவரை கேட்கவில்லை. ஒரே தெரு, ஒரே கோயில், கலியாண வீட்டில் பக்கத்து இலை. முதல் வருஷம் அவர் வருகிற வழியில் நான் போகமாட்டேன். பிறகு அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் போனது, பார்க்கப் போனேன், காபி கொடுத்தார்கள், குடித்தேன். யாரும் பழசைப் பேசவில்லை.

போன அறுப்பின் பண்டிகையில் அவர் ஒரு செவ்வாழைத்தாரை 1,200 ரூபாய்க்கு எடுத்தார். மேசைக்கு வந்து நோட்டுகளைச் சுருட்டி என் கையில் திணித்துவிட்டு, "எண்ண வேண்டாம், சரியா இருக்கும்" என்றார். நான் அவர் முன்னாலேயே விரித்து எண்ணினேன். ஒரு நூறு ரூபாய் கூடுதலாக இருந்தது, திருப்பிக் கொடுத்தேன், கார்பன் வைத்து ரசீது எழுதி அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லி நீட்டினேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தாரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.